கணக்கில் வராதவர்களின் புத்தாண்டு

நம் இயக்க நாட்காட்டியில் ஆண்டின் கடைசி மாதம் நெரிசலானது. டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள். 24 பெரியார் நினைவு நாள். 25, மகாத்தில் 1927இல் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட நாள். அதே தேதியில்தான் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். ஜனவரி 1 பீமா கோரேகான். ஜனவரி 3 சாவித்திரிபாய் புலே பிறந்த நாள். உலகம் கேக் வெட்டிக்கொண்டிருக்கும் இந்த ஒரு மாதத்தில் நாம் மாலை போட்டு, முழக்கமிட்டு, கருத்தரங்கம் நடத்திப் புத்தாண்டுக்குள் நுழைகிறோம்.

இந்த வரிசையில் டிசம்பர் 3 இல்லை. 1992இல் ஐநா பொதுச்சபை அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் நாள் அது. அந்த நாளை நாம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். அங்கே சக்கர நாற்காலியும் காதொலிக் கருவியும் தையல் எந்திரமும் வழங்கப்படும். அமைச்சர் பேசுவார், படம் எடுப்பார்கள், மறுநாள் செய்தித்தாளில் வரும். டிசம்பர் 3க்கும் 6க்கும் இடையில் மூன்றே நாள். அந்த மூன்று நாள் தூரத்தை மாற்றுத்திறனாளிகள் இயக்கமும் சாதி ஒழிப்பு இயக்கமும் இன்னும் கடக்கவில்லை. கடக்காததன் விலையை இரண்டு பக்கமும் உள்ள ஒருத்திதான் கொடுக்கிறாள்: மாற்றுத்திறனாளியாகவும் தலித்தாகவும் பெண்ணாகவும் இருப்பவள்.

2026 அவளுக்குச் சாதாரண ஆண்டு இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டம் இந்த ஆண்டு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றிலும் அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை வைத்துத்தான் மாற்றுத்திறனாளிப் பெண்களின் இந்தப் புத்தாண்டு எதிர்பார்ப்புகளைப் படிக்க வேண்டும்.

மனுவின் இன்னொரு பட்டியல்

மாற்றுத்திறனாளிகள் பிரச்சினை சாதி ஒழிப்பு இயக்கத்தின் பிரச்சினையா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எரித்த நூலையே ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம், சாதியிலிருந்து விலக்கப்பட்டவர்களையும் பார்வையற்றோர், காதுகேளாதோர், பேச இயலாதோர், மனநோயாளிகள் ஆகியோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது. பதினோராம் அத்தியாயம், எந்தப் பாவத்துக்கு எந்த உடற்குறை என்று பட்டியலே போடுகிறது. முற்பிறவியில் செய்த வினை இப்பிறவியில் உடலில் தெரியும் என்பது அதன் கணக்கு.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. சேரியில் பிறந்ததும் முன்வினை, கண் தெரியாமல் பிறந்ததும் முன்வினை. பிறப்பைக் குற்றமாக்கி, குற்றத்தைக் காட்டி உரிமையைப் பறிப்பது ஒரே சூத்திரம். ஊரில் மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்குப் பெயர் இருக்காது. நொண்டி, செவிடி, ஊமைச்சி என்பதுதான் பெயர். சாதிப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட மக்களுக்கு இந்தப் பெயர் பறிப்பு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மணமாலை விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். உட்பிரிவு, நட்சத்திரம், கோத்திரம்வரை கேட்கும் குடும்பங்கள், பெண்ணுக்கு ஊனம் என்றால் மட்டும் ‘சாதி தடையில்லை’ என்று எழுதுகின்றன. பெண்ணின் உடலைச் ‘சேதாரம்’ என்று கணக்கிட்ட பிறகே சாதியின் கதவு கொஞ்சம் திறக்கிறது. அந்த விளம்பரத்தில் சாதி ஒழியவில்லை. தள்ளுபடி விலை எழுதப்பட்டிருக்கிறது.

சாதி ஊனத்தை உற்பத்தியும் செய்கிறது. கல் குவாரி, செங்கல் சூளை, கழிவுநீர்த் தொட்டி, ரத்தசோகையோடு கடக்கும் பேறுகாலம், நேரத்துக்குக் கிடைக்காத மருத்துவம் ஆகிய எல்லாம் உடலில் எழுதிவிட்டுத்தான் போகின்றன. வன்கொடுமையும் எழுதுகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான தன் மகளுக்கு நீதி கேட்டு உறுதியாக நின்றதற்காக 2006இல் பஞ்சாபின் தலித் பாடகர் பந்த் சிங் தாக்கப்பட்டு, இரு கைகளையும் ஒரு காலையும் இழந்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. இந்த இடைவெளி தற்செயல் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். சாதியை நாம் ஒழிக்க விரும்புகிறோம். ஊனத்தை அப்படி ஒழிக்க முடியாது, ஒழிக்க வேண்டியதும் இல்லை. சுரண்டல் உண்டாக்கும் ஊனத்தைத் தடுக்க வேண்டும். அதே மூச்சில், ஊனத்தோடு வாழும் மனிதரைத் தடுக்கப்பட்டிருக்க வேண்டிய விபத்தாகப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரியாதபோது நம் பேச்சு பரிதாபத்தில் போய் முடிகிறது. பரிதாபம் சுயமரியாதைக்கு எதிரானது.

எண்ணுங்கள், மறைக்காமல் எண்ணுங்கள்

முதல் எதிர்பார்ப்பு மிக எளியது. எங்களை எண்ணுங்கள் என்பது.

2011இல் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் எண்ணப்பட்டார்கள். அதில் பெண்கள் 1.18 கோடி, அதாவது 44 விழுக்காடு. மொத்த மக்கள்தொகையில் பெண்கள் 48 விழுக்காட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் எண்ணப்பட்ட 11.8 லட்சம் பேரிலும் பெண்களே குறைவு. பெண்களுக்கு ஊனம் குறைவாக வருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. போதிய சோறும் மருத்துவமும் கிடைக்காமல் சீக்கிரம் செத்துப்போகிறார்கள், அல்லது கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கும்போது உள்ளறையில் வைக்கப்படுகிறார்கள். ‘வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது’ என்பது எல்லாச் சாதிக்கும் பொதுவான பயம். அகமணத்தால் நிற்கும் சமூகத்தில் மணச்சந்தையைக் காப்பாற்ற ஒரு பெண்ணை மறைப்பதும் சாதியின் வேலைதான்.

உலக மக்களில் 16 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் கணக்கு 2.21இல் நிற்கிறது. 2011இல் கேட்கப்பட்டவை எட்டு வகை ஊனங்கள் மட்டுமே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும், தாலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்த நோய் உள்ளவர்களும் அதில் அடங்குவார்கள். அமில வீச்சு யார்மீது நடக்கிறது, சிக்கிள் செல் எந்தப் பழங்குடி மக்களிடம் அதிகம் என்பதை நினைத்தால், இந்த வகைகள் கேள்வித்தாளில் இருப்பதும் இல்லாததும் வெறும் நிர்வாகச் சங்கதி இல்லை என்று புரியும்.

ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று, வரும் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று அறிவித்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் விளைவு அது. வீட்டுப் பட்டியலிடும் பணி இந்த ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. மக்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். இடையில் உள்ள மாதங்களில்தான் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். 21 வகைகளும் கேள்வியில் இருக்க வேண்டும். கணக்கெடுப்பவருக்கு எப்படிக் கேட்பது என்ற பயிற்சி வேண்டும். ‘வீட்டில் ஊனம் யாராவது உண்டா’ என்று வாசலில் நின்று கத்தினால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். இணையதளம் வழியாக நாமே பதிவு செய்யலாம் என்கிறார்கள். அந்த இணையதளத்தைத் திரைவாசிப்பான் துணையோடு பார்வையற்ற பெண் தானே இயக்க முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவுகள் வரும்போது சாதி, பாலினம், ஊனம் மூன்றையும் குறுக்கே வைத்துப் பார்க்கும் அட்டவணைகள் வெளிவர வேண்டும். அருந்ததியர் சமூகத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனை பேர் பள்ளி முடித்தார்கள் என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இருக்க வேண்டும். 2011இல் மாற்றுத்திறனாளி ஆண்களில் 62 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள், பெண்களில் 45 விழுக்காடு. சாதியை உள்ளே வைத்தால் இந்த எண் எங்கே போய் நிற்கும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

சாதிவாரிக் கணக்கெடுப்புக்காகக் கூட்டம் போடும் நாம், அந்தக் கூட்டங்களில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கச் செலவு ஒன்றும் ஆகாது.

உரிமைத் தொகையும் உதவித்தொகையும்

2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. அதற்கு வைத்த பெயர் ‘மகளிர் உரிமைத் தொகை’. பெண்ணின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. நல்ல பெயர், நல்ல விளக்கம். ஆனால் மாற்றுத்திறனாளிக்குத் தரும் பணம் இன்றும் ‘பராமரிப்பு உதவித்தொகை’. அவளும் வீட்டில் அரிசி களைகிறாள், தம்பி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், பீடி சுற்றுகிறாள். அவளுடைய உழைப்பு மட்டும் ஏன் உதவி பெறும் பராமரிப்பாகிறது?

தொகைக்கு வருவோம். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1000 ரூபாயிலிருந்து 1500 ஆனது. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் தொகை மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு. 1200க்கு 25 விழுக்காடு கூட்டிப் பாருங்கள், சரியாக 1500 வரும். சட்டத்தின் குறைந்தபட்சக் கோட்டில் காசு பிசகாமல் வந்து நிற்கிறோம். பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6000 ரூபாய். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: 80 விழுக்காடு ஊனம் இருந்தால், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தால், மாதம் 300 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். டீக்கடையில் ஒரு டீக்குக் காணாது.

தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் ஆந்திரத்துக்கு இணையான தொகை கேட்டு வீதியில் நின்று போராடிவருகிறது. சாலை மறியலில் சக்கர நாற்காலிகளை வரிசையாகக் காவல் வேனில் ஏற்ற முடியாமல் காவலர்கள் திணறும் காட்சியை நாம் செய்தியில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தேர்தல் அறிக்கைகள் எழுதப்படும் மாதங்கள் இவை. அந்தக் கோரிக்கையில் நம் அமைப்புகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

தொகையைவிட முக்கியமானது வேலை. கிராமத்து மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு, குறிப்பாக நிலமற்ற தலித் பெண்ணுக்கு, சொந்தப் பெயரில் கூலி வந்த இடம் நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்ற ஆணை உண்டு. தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் கிடைத்தன. பல ஊராட்சிகளில் ‘உனக்கு எதுக்கு வேலை, அதான் பென்ஷன் வருதே’ என்று திருப்பி அனுப்பினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் சண்டை போட ஒரு சட்டம் இருந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. நாள்கள் 125 ஆகின்றன என்று விளம்பரம். ஆனால் செலவில் 40 விழுக்காட்டை மாநிலம் ஏற்க வேண்டும். விவசாயப் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். அந்த 60 நாளில் நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைக்க வேண்டும் என்பது நில உடைமையாளரின் கோரிக்கை. நடவு வயலில் இறங்க முடியாத பெண்ணுக்கு அந்த 60 நாளும் வெறும் பட்டினி. நிதி சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது ‘இலகு வேலை’தான். புதிய சட்டத்தின் கீழ் மாநில அரசு வகுக்கும் திட்டத்தில் நான்கு மணி நேரம், முழுக் கூலி, ஐந்து விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவை எழுத்தில் இடம்பெற வேண்டும். வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஐந்து விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று 2016 சட்டத்தின் 37ஆம் பிரிவே சொல்கிறது. இது யாசகம் இல்லை.

அவள் சொல்வதை நம்புங்கள்

2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்பது வழக்கு. பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண், தன் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். குற்றவாளி அவருடைய அண்ணன்களுக்குப் பழக்கமானவர். குரலை வைத்து அவர் அடையாளம் காட்டினார்.

கண்ணால் காணாத சாட்சியம் தாழ்ந்த சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நீதிபதி சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பு, சாதி, பாலினம், ஊனம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னி ஒரு பெண்ணை எப்படி ஒடுக்குகின்றன என்று கறுப்பினப் பெண்ணியரின் சிந்தனையை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக விளக்கியது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கிவிட்டது. அவர் பட்டியல் சாதி என்பதன் காரணமாகவே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க அரசுத் தரப்பு தனியாகச் சான்று தரவில்லை என்பது காரணம்.

இந்த முரணில்தான் நம் வேலை இருக்கிறது. மூன்றும் பிரிக்க முடியாதவை என்று சொன்ன தீர்ப்பே, சட்டத்தின் சொல்லுக்கு முன் சாதியைத் தனியாகப் பிரித்துக் காட்டும்படி கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் குற்றம் நடந்தது 2011இல். பிறகு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று தெரிந்தே குற்றம் செய்திருந்தால் போதும் என்றாகிவிட்டது. தலித் இயக்கங்கள் போராடிப் பெற்ற திருத்தம் அது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வழக்கிலும் அது பயன்பட வேண்டுமென்றால், முதல் தகவல் அறிக்கையிலேயே மூன்று சட்டப் பிரிவுகளும் ஏற வேண்டும்: பாலியல் குற்றம், வன்கொடுமை, 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு. ஊனம் எழுதினால் சாதியை விட்டுவிடுகிறார்கள். சாதி எழுதினால் ஊனம் விடுபடுகிறது.

மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவர் இருக்கும் இடத்திலேயே, சைகை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியோடு, காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்று 2013லிருந்தே சட்டம் இருக்கிறது. நீதித்துறை நடுவரிடம் தரும் வாக்குமூலத்தையே முதல் விசாரணையாக எடுத்துக்கொள்ளலாம். அவர் மறுபடி மறுபடி சொல்லத் தேவையில்லை. சென்னை அயனாவரத்தில் கேட்கும் திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமை 2018இல் வெளியே வந்தபோது 17 பேர் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த ஒன்று, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாமல் போனது. அவளிடம் கேட்கவும் அவள் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சுற்றிலும் யாருமில்லை. ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்துக்கும் அழைத்தவுடன் வரக்கூடிய சைகை மொழிபெயர்ப்பாளர் பட்டியல் இருந்தால் எத்தனை வழக்குகள் பேச ஆரம்பிக்கும்! பாலின வன்முறைத் தரவுகளில் ஊனத்தையும் ஒரு கூறாகச் சேர்த்து வெளியிடுவதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பரிசீலிக்க வேண்டும் என்று 2021 தீர்ப்பு சொன்னது. அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது மாற்றுத்திறனாளிப் பெண்களின் அமைப்புகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நம்பிக்கை.

உடல் யாருடையது

1994இல் மகாராட்டிரத்தின் சிரூரில் இருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனே அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்ச் சுத்தம் பேண முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகு நாடே அதிர்ந்தது. சொல்லாமல் விட்ட காரணம் எல்லோருக்கும் தெரியும். கருப்பை இல்லையென்றால் வன்கொடுமை நடந்தாலும் வயிற்றில் தெரியாது.

2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு இல்லத்தில் வன்கொடுமையால் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகக் கருக்கலைப்பு செய்யக் கூடாது என்றது. 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு, சம்மதமில்லாமல் மலடாக்கும் சிகிச்சையைத் தடுக்கிறது. 92ஆம் பிரிவு, சம்மதமில்லாக் கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது. ஆனால் கடுமையான ஊனம் என்றால் பாதுகாவலரின் சம்மதம் போதும் என்று ஒரு சந்தையும் திறந்து வைக்கிறது. அந்தச் சந்து அடைக்கப்பட வேண்டும். ‘அவளுக்கு என்ன தெரியும்’ என்ற வாக்கியம் பெண்ணுக்கும் சேரிக்கும் காலங்காலமாகச் சொல்லப்பட்டது. ஆதரவு கொடுத்தால் முடிவெடுக்க முடியும் என்பதுதான் இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐநா உடன்படிக்கையின் அடிப்படை.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளியை மணக்கும் ‘நல்ல நிலையில் உள்ளவருக்கு’ அரசு திருமண உதவியும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் வரதட்சணையை எதிர்த்த இயக்கத்தின் மண்ணில், அவளை ஏற்றுக்கொண்டதற்கு அரசே கொடுக்கும் பரிசாகத்தான் ஊர் அதைப் படிக்கிறது. அந்தப் பணமும் தங்கமும் அவள் பெயரில் மட்டும், மணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் தனித்து வாழும் உரிமைக்காகக் கிடைத்தால் என்ன?

மேடை இறங்கி வரட்டும்

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்கள் அவை. நகர்ப்புற அமைப்புகளில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் ஊராட்சிக்கு ஒருவர், ஒன்றியங்களிலும் மாவட்ட ஊராட்சிகளிலும் தனியே இடங்கள். இதை மனமார வரவேற்க வேண்டும். ‘விழுதுகள்’ சேவை மையங்களை வட்டார அளவுக்குக் கொண்டுவந்ததையும் சேர்த்தே பாராட்டலாம்.

பாராட்டிவிட்டுக் கேட்க வேண்டியதையும் கேட்போம். பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் தலித் பெண்ணை உட்கார விடாமல் தரையில் உட்கார வைத்த செய்திகளைப் படித்த மாநிலம் இது. நியமிக்கப்படும் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்களா? பட்டியல் சாதி, பழங்குடி மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்களின் பங்கு கிடைக்குமா? அல்லது உள்ளூர் ஆதிக்க சாதிக் குடும்பத்தின் ஆண் ஒருவர் அந்த நாற்காலியையும் நிரப்பிவிடுவாரா? நகர்ப்புற அமைப்புகளில் நியமன உறுப்பினருக்கு வாக்குரிமை கிடையாது. நியமனம் முதல் படி மட்டுமே. தேர்தலில் இட ஒதுக்கீடு அடுத்தது.

கடைசியாக, நம் வீட்டுக்குள் வருவோம். சுயமரியாதை இயக்கம் நூற்றாண்டைக் கண்டுவிட்டது. 94 வயதில், சிறுநீர்க் குழாயோடும் வாளியோடும், நடக்க முடியாத உடலோடு பெரியார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவருக்காக வண்டியை மாற்றி அமைத்தோம், தூக்கி மேடையேற்றினோம், வலியில் முனகி நிறுத்தியபோது காத்திருந்தோம். ஓர் இயக்கம் ஒரு மனிதரின் உடலுக்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அவருக்குச் செய்ததைச் சக்கர நாற்காலியில் வரும் ஒரு தலித் பெண் தோழருக்கு ஏன் செய்ய முடியவில்லை? நம் கருத்தரங்குகள் மாடியில் நடக்கின்றன. கழிவறை அகலம் பார்த்து மண்டபம் பிடிப்பதில்லை. சைகை மொழிபெயர்ப்புக்கு நிதி ஒதுக்குவதில்லை. நம் கட்டுரைகள் இன்னும் ‘அரசு குருடா, செவிடா’ என்று முழங்குகின்றன. ‘நொண்டிச் சாக்கு’ நம் எழுத்தில் தாராளமாகப் புழங்குகிறது. சாதிப் பெயரை வசவாக்கும் பழமொழிகளைத் தேடித் தேடி நீக்கிய நமக்கு இது தெரியாததில்லை.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழ்நாடு பெற்ற நான்கு பதக்கங்களில் மூன்றைப் பெண்கள் வென்றார்கள்: துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன். கொண்டாடினோம், கொண்டாட வேண்டும். ஆனால் பதக்கம் வாங்காத பெண்ணும் பேருந்தில் ஏற வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும், காதலிக்க வேண்டும், கோபப்பட வேண்டும். சாதனை செய்தால்தான் மனுஷி என்பது, படித்து அதிகாரியானால்தான் தலித்தை வீட்டுக்குள் விடுவோம் என்பதற்கு இளைய சகோதரி.

ஆகவே இந்த ஆண்டு செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சாதிவாரிக் கணக்கெடுப்புக் கோரிக்கையோடு ஊனத்தைச் சேர்ப்பது. தேர்தலுக்கு முன் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் 1500 ரூபாயைப் பற்றியும் நான்கு மணி நேர வேலையைப் பற்றியும் கேட்பது. வன்கொடுமை வழக்குகளுக்குப் போகும் உண்மையறியும் குழுக்களில் மாற்றுத்திறனாளிப் பெண்களைச் சேர்ப்பது. அடுத்த கூட்டத்துக்குத் தரைத்தளத்தில் மண்டபம் பிடிப்பது. வருகிற டிசம்பர் 3 அன்று ஆட்சியர் அலுவலக வாசலில், கோரிக்கை மனுவோடு நிற்கும் அந்தப் பெண்களின் பக்கத்தில் நாமும் நீலக் கொடியோடும் கறுப்புக் கொடியோடும் நிற்பது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று அண்ணல் சிலைக்கு மாலை போட அவர்கள் வருவார்கள். சிலையின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அதற்குள் ஒரு சாய்தளம் கட்டியிருக்க வேண்டும்.